சிவப்புக் குறிப்பேடும் தீவனத் தொட்டியும்

திருவருகைக் காலத்தின் கடைசி வாரம் அது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நமது பங்கின் கல்லூரி மாணவி ஒருத்தி, மாலைத் திருப்பலி முடிந்ததும் ஓர் ஆங்கில நாவலை நம்மிடம் நீட்டினாள். "ஃபாதர், இது கிறிஸ்துமஸ் காதல் கதை. ஹாஸ்டல்ல எல்லாரும் படிச்சிட்டோம். இதுல கிறிஸ்துமஸ் இருக்கா, இல்லையான்னு எங்களுக்குள்ள பெரிய சண்டை. நீங்கதான் படிச்சிட்டுத் தீர்ப்புச் சொல்லணும்" என்றாள்.

உள்ளதைச் சொன்னால், நாம் அந்நூலை ஆர்வத்தோடு வாங்கவில்லை. இவ்வகை நாவல்கள் ஆண்டுதோறும் மேலைநாட்டுப் புத்தகக் கடைகளில் பண்டிகைப் பலகாரம் போலக் குவிகின்றன. பனி பொழியும்; இருவர் மோதிக்கொள்வர்; முந்நூறு பக்கங்களுக்குப் பின் முத்தமிட்டுக்கொள்வர். முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடும் கதையைப் படிக்க, மறையுரை தயாரிக்க வேண்டிய குருவுக்கு நேரம் ஏது? நான்கு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணினோம். ஆனால் இரண்டே இரவுகளில் படித்து முடித்தோம். முடித்த பின்னும் நூல் நம்மை விடவில்லை. தீர்ப்பை அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொல்லாமல், இவ்விதழின் வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கதையும் களமும்

நூலின் பெயர் "டேஷ் அண்ட் லில்லீஸ் புக் ஆஃப் டேர்ஸ்". எழுதியவர்கள் இருவர்: ரேச்சல் கோன், டேவிட் லெவிதன். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் இதனைத் தொடராகவும் தந்தது. நாவலின் ஓர் அத்தியாயத்தை டேஷ் என்னும் இளைஞன் சொல்கிறான். அடுத்ததை லில்லி என்னும் பெண் சொல்கிறாள். டேஷின் குரல் லெவிதனுடையது, லில்லியின் குரல் கோனுடையது. ஒருவர் எழுதி அனுப்ப, மற்றவர் அதற்கு விடையளிப்பதுபோலக் கதை நகர்கிறது. கதைக்குள் நடக்கும் கடிதப் பரிமாற்றம், கதையை எழுதிய முறையிலும் நடந்திருக்கிறது.

களம் நியூயார்க் மாநகரம். இதுவும் தற்செயலன்று. நாலாம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ், செந்நிற அங்கியணிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறியதில் இந்த நகரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வாஷிங்டன் இர்விங் நியூயார்க்கைப் பற்றி எழுதிய நகைச்சுவை வரலாற்றில் புனித நிக்கோலாஸ் வானில் வண்டியோட்டி வந்தார். 1823இல் நியூயார்க் மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த கவிதை, அவருக்குக் கலைமான்கள் பூட்டிய சறுக்கு வண்டியைத் தந்தது. பின்னர் வந்த பேரங்காடிகள் அவரை நாற்காலியில் அமர்த்திவிட்டன. ஆயர் ஒருவர் விற்பனையாளராக மாறிய ஊரில்தான் இந்தக் கதை நடக்கிறது.

கதைச் சுருக்கம் இதுதான். டேஷுக்கு வயது பதினாறு. பெற்றோர் மணமுறிவு பெற்றவர்கள். பண்டிகைக்குத் தந்தையோடு இருப்பதாகத் தாயிடமும், தாயோடு இருப்பதாகத் தந்தையிடமும் பொய் சொல்லிவிட்டு, வெறும் வீட்டில் தனித்திருக்கிறான். கிறிஸ்துமஸ் என்றாலே அவனுக்குக் கசப்பு. மனிதரைவிடச் சொற்களை நேசிப்பவன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக ஏங்குகிற சொற்பித்தன். லில்லியோ கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் துள்ளிக் குதிப்பவள். ஆனால் இவ்வாண்டு அவளுடைய பெற்றோர் தாமதமான தேனிலவுக்கு ஃபிஜித் தீவுகளுக்குப் போய்விட்டனர்; தாத்தா ஃபுளோரிடாவில் இருக்கிறார். தனித்துவிடப்பட்ட தங்கையின் மனநிலையை மாற்ற அண்ணன் லாங்ஸ்டன் ஒரு விளையாட்டைத் திட்டமிடுகிறான். ஸ்ட்ராண்ட் என்னும் புகழ்பெற்ற புத்தகக் கடையின் அலமாரியில், நூல்களுக்கிடையே ஒரு சிவப்புக் குறிப்பேடு செருகி வைக்கப்படுகிறது. எடுப்பவனுக்குத் துணிவு உண்டா என்று அது கேட்கிறது. டேஷ் அதை எடுக்கிறான்.

1927இல் தொடங்கப்பட்ட அந்தப் புத்தகக் கடை இன்றும் இருக்கிறது. தன் அலமாரிகளை நீட்டி வைத்தால் பதினெட்டு மைல் வரும் என்று பெருமை பேசும் கடை அது. அங்கே தொடங்கும் குறிப்பேடு கைமாறிக் கைமாறி நகரைச் சுற்றுகிறது. ஒருவர் ஒரு சவாலை எழுதி ஓரிடத்தில் வைப்பார். மற்றவர் அதை நிறைவேற்றிவிட்டுத் தன் சவாலை எழுதி வைப்பார். கூட்டத்தை வெறுக்கும் டேஷை லில்லி பண்டிகை நெரிசலுக்குள், மேசிஸ் பேரங்காடியின் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் அனுப்புகிறாள். வீட்டாரின் அரவணைப்பில் பொத்திப் பொத்தி வளர்ந்த லில்லியை டேஷ் இரவு நேர இசையரங்கு ஒன்றுக்கு அனுப்புகிறான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எழுத்திலேயே மனத்தைத் திறக்கின்றனர்.

சிரிப்பின் அடியில்

நாவல் நம்மை நன்றாகவே சிரிக்க வைக்கிறது. சிரிப்பைக் கண்டு முகம் சுளிப்பது பக்தியாகாது. பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் படைத்துத் தமிழரைச் சிரிக்க வைத்தவர் வேறு யாருமல்லர். தேம்பாவணி பாடிய நம் வீரமாமுனிவரே.

ஆனால் இந்நாவலின் சிரிப்புக்கு அடியில் ஒரு வெறுமை இருக்கிறது. ஊரே ஒளிவெள்ளத்தில் மிதக்கும்போது இரண்டு பிள்ளைகள் பெரியவர் எவருமற்ற வீடுகளில் இருக்கிறார்கள். ஒருவன் தனிமையைத் தானே தேர்ந்தெடுத்ததாகப் பெருமை பேசுகிறான். மற்றவள் தனிமையைப் பலகாரமும் பாட்டுக் குழுவும் கொண்டு மூடப் பார்க்கிறாள். நூலாசிரியர்கள் இதைப் பற்றிப் புலம்புவதில்லை, கடந்து போகிறார்கள். அவ்வாறு கடந்து போவதாலேயே அது நம் நெஞ்சில் தைக்கிறது. பெற்றோர் இருவரையும் ஏமாற்றிவிட்டதாக எண்ணும் டேஷ், உண்மையில் சொல்வது வேறொன்று: நான் எங்கே இருக்கிறேன் என்று இருவரில் ஒருவரேனும் மற்றவரிடம் கேட்டிருந்தால் இந்தப் பொய் ஒரு மணி நேரம்கூட நிலைத்திருக்காது. பிரிந்த பெற்றோரின் பிள்ளை என்னும் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

நூலில் நமக்கு ஒவ்வாதனவும் உள்ளன. பதினாறு வயதுப் பிள்ளைகள் குடிப்பதும், குறிப்பேட்டின் தொடக்கப் புதிரிலேயே ஆபாசத் தலைப்பு நூல் ஒன்று இடம்பெறுவதும் அந்நாட்டு வாசகருக்கு வேடிக்கையாக இருக்கலாம். நம் இல்லங்களில் வாசித்துக் காட்ட இயலாது. இளையோருக்கு இந்நூலைக் கொடுப்போர் அதை அறிந்தே கொடுக்க வேண்டும். இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. 1843இல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையின் நடுவில் ஓர் ஏழை எழுத்தரின் வீடும், அவருடைய ஊனமுற்ற மகனும் இருந்தார்கள். இங்கோ வறியவர் எவரும் கதையின் முன்னணிக்கு வருவதில்லை. பணம் என்னும் கவலையே இல்லாத ஊரில் காதல் எளிதாகவே மலர்கிறது.

கடிதக் காதலின் மரபு

பாராமலே வளரும் காதல் புதிய கற்பனையன்று. ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஷ் லாஸ்லோ 1937இல் மேடையேற்றிய நாடகம் ஒன்று, ஏர்ன்ஸ்ட் லூபிட்ஷின் இயக்கத்தில் 1940இல் "தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்" என்னும் திரைப்படமானது. புடாபெஸ்ட் நகரில் ஒரே கடையில் வேலை செய்யும் இருவர் பகலெல்லாம் சண்டையிட்டுக்கொள்கின்றனர். இரவில் பெயர் தெரியாத அன்பருக்கு உருகி உருகிக் கடிதம் எழுதுகின்றனர். அந்த அன்பர் பகலில் தாம் வெறுக்கும் அதே ஆள்தான் என்பது கிறிஸ்துமஸ் முன்னிரவில் வெளிப்படுகிறது. 1998இல் இதே கதை மின்னஞ்சலுக்கு மாறியது.

தமிழ் வாசகருக்கு 1996இல் வெளிவந்த "காதல் கோட்டை" நினைவுக்கு வரும். அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த படம் அது. பாராமலே கடிதங்களால் காதலிக்கும் இருவர், இரயில் நிலையத்தில் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் கணத்தோடு படம் முடிகிறது. திரையரங்கில் மக்கள் கண்ணீர் விட்டது அந்தக் கணத்துக்காகத்தான். ஆனால் அடுத்த நாள் காலையில் அவ்விருவரும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் படத்துக்கு இல்லை.

டேஷ், லில்லி கதையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. நம் படம் முடியும் இடத்துக்கு அப்பாலும் அது சில அடிகள் எடுத்து வைக்கிறது. குறிப்பேட்டில் அறிவும் குறும்பும் கனிவும் நிறைந்த லில்லியை டேஷ் முதன்முதலில் நேரில் சந்திக்கும்போது, அவள் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டிருக்கிறாள். பல நாள் காத்திருந்த சந்திப்பு அலங்கோலமாக முடிகிறது. எழுத்தில் இருந்த லில்லி எங்கே? முன்னாள் தோழி சோஃபியாவோடு பேசும்போதுதான் டேஷுக்கு ஒன்று புலப்படத் தொடங்குகிறது: பெண்ணைவிடப் பெண்ணைப் பற்றித் தான் வரைந்துகொண்ட சித்திரத்தையே அவன் எப்போதும் நேசித்து வந்திருக்கிறான். லில்லியும் அவ்வாறே தன் மனத்துக்குள் ஒரு டேஷை வளர்த்து வைத்திருக்கிறாள்.

நாவலில் நாம் நெடுநேரம் நின்றுவிட்ட இடம் இதுவே. சொல்லில் வந்தவர் உடலோடு வரும்போது ஏன் நாம் ஏமாறுகிறோம்? வேடிக்கைக் கதையொன்று விளையாட்டாகக் கேட்டுவிட்ட இக்கேள்வி, நம் விசுவாசத்தின் நெஞ்சைத் தொடும் கேள்வி.

சொல்லிலிருந்து உடலுக்கு

மனுவுருவெடுத்தல் என்னும் மறைபொருளைக் குருமடத்தில் நாம் கருத்தாகக் கற்றோம். இரு இயல்புகள், ஓர் ஆள், கால்செதோன் சங்கம், 451ஆம் ஆண்டு என்று தேர்வும் எழுதினோம். ஆனால் அம்மறைபொருளை மனித அனுபவமாகப் பார்த்தால் அது இந்தக் கதையின் வடிவிலேயே இருக்கிறது. இறைவன் நெடுங்காலம் திருச்சட்டத்தின் வழியாகவும் இறைவாக்கினர் வழியாகவும் தம் மக்களோடு பேசினார். அவர்கள் அச்சொற்களை நேசித்தனர், மனப்பாடம் செய்தனர், வரப்போகிறவரைக் குறித்து ஆளுக்கொரு சித்திரம் வரைந்துகொண்டனர். கடைசியில் அவரே வந்தார். வந்தபோது தீவனத் தொட்டியில் கிடந்தார். நாசரேத்துக்காரர் அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, நம் தச்சனின் மகனல்லவா என்று இடறல்பட்டனர். ஏட்டில் இருந்த மெசியா அவர்களுக்கு இனித்தார்; எதிரே நின்ற மெசியா கசந்தார்.

முதல் கிறிஸ்துமஸின் காதல் கதையும் இத்தகையதே. யோசேப்பு தமக்கென ஒரு வாழ்வை எண்ணி வைத்திருந்தார். மணம் பேசப்பட்ட பெண் வேறொரு நிலையில் எதிரே நின்றார். மறைவாக விலக்கிவிடலாமா என்றே அவரும் முதலில் நினைத்தார். பின்பு தம் எண்ணத்தைக் கைவிட்டு, எதிரே நின்ற மரியாவை ஏற்றுக்கொண்டார். 1726இல் தேம்பாவணியைப் படைத்த வீரமாமுனிவர், பாட்டுடைத் தலைவராக வளனை, அதாவது இந்த யோசேப்பைத் தேர்ந்துகொண்டதன் ஆழம், ஓர் அமெரிக்கக் காதல் நாவலைப் படித்தபோது நமக்கு மீண்டும் விளங்கிற்று.

டேஷின் கதையில் குடில் இல்லை. கிறிஸ்துவைப் பற்றிய பேச்சு கதையின் மையத்தில் எங்கும் இல்லை. ஆயினும் பாலன் இல்லாத இந்தக் கிறிஸ்துமஸ் நாவலுக்குள் எங்கிருந்தோ ஒரு குழந்தை வந்துவிடுகிறது. பனி விளையாட்டின் குழப்பத்தில் கீழே விழவிருந்த கைக்குழந்தை ஒன்றை லில்லி பாய்ந்து பிடித்துவிடுகிறாள். உதவி செய்தவளே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, விவகாரம் காவல்துறை வரை போகிறது. நூலாசிரியர்கள் இதைச் சிரிப்புக்காகவே எழுதியிருக்கக் கூடும். எழுதுகிறவர் அறியாமலே எழுத்தில் நுழைந்துவிடுவனவும் உண்டு.

நாவல் தயங்கும் இடம்

ஆனால் அதே காட்சியில்தான் நாவல் தன் கேள்வியிலிருந்து பின்வாங்குகிறது என்பது நம் கருத்து. குடித்துத் தள்ளாடிய லில்லியை டேஷ் ஏற்றுக்கொள்ள வேண்டும். கதை அவனை அங்கே கொண்டு வந்து நிறுத்திவிட்டது. அடுத்து என்ன நடந்திருக்க வேண்டும்? அவன் அந்த ஏமாற்றத்தோடு சில நாள் வாழ்ந்திருக்க வேண்டும். ஏமாற்றம் தந்தவளிடம் திரும்பிப் போகும் வழியைத் தானே தேடிக் கண்டிருக்க வேண்டும். நூலாசிரியர்களோ லில்லியைக் குழந்தையைக் காக்கும் வீராங்கனையாக்கிவிடுகிறார்கள். காகிதத்து லில்லி கலைந்துபோன இடத்தில் அதைவிடப் பளபளப்பான இன்னொரு லில்லி வந்து நிற்கிறாள். மன்னிக்க வேண்டிய இடத்தில் மறந்துவிட வழி செய்து தரப்படுகிறது.

இருவரும் தங்கள் கற்பனையைப் பற்றி நேர்மையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. நூல் முழுவதிலும் மிகச் சிறந்த பக்கங்கள் அவையே. ஆனால் அந்த நேர்மைக்கு விலை கொடுக்க வேண்டிய கட்டத்தில் கதை அவசரமாகப் புத்தாண்டை நோக்கி ஓடி, தொடங்கிய புத்தகக் கடையிலேயே மகிழ்ச்சியாக முடிந்துவிடுகிறது. நகைச்சுவை நாவலின் இலக்கணம் இதுதான் என்பர் சிலர். அவ்விலக்கணம் நமக்கும் தெரியும். இவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்டவர்கள் இன்னும் ஒரு பத்துப் பக்கம் துணிந்திருக்கலாமே என்பதுதான் நம் மனக்குறை.

நாம் இதை ஏன் இவ்வளவு பொருட்படுத்துகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய கடலோரப் பங்கு ஒன்றில், திருமணமான இரண்டாம் மாதமே கணவனை வளைகுடா நாட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாண்டுகள் கடிதங்களோடு வாழ்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். அக்கடிதங்களைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். கணவன் திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து நம்மிடம் வந்தாள். "சாமி, கடுதாசியில வந்த ஆளு வேற, ஏரோப்ளேன்ல வந்த ஆளு வேற" என்றாள். பொறுமையாயிரு மகளே, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினோம். இன்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அவள் நம்மிடம் பொறுமையைப் பற்றிக் கேட்கவில்லை. இருவரில் யாரை நான் நேசிக்க வேண்டும் என்று கேட்டாள். இறையியல் கற்ற நமக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை.

இன்று அவள் வந்தால் வேறு விதமாகப் பேசுவோம். கடிதம் பொய்யன்று; அதில் எழுதியது அவனுடைய ஏக்கம். எதிரே நிற்பவனும் பொய்யல்லன். களைத்துப்போன, வீட்டுப் பழக்கம் விட்டுப்போன அவனுடைய உடல் அது. கடிதத்தை அளவுகோலாக வைத்து ஆளை அளந்தால் ஆள் எப்போதும் குறைவாகவே இருப்பான். அவனிடமும் அவள் ஒரு கடிதமாகவே மூன்றாண்டுகள் இருந்தாள் என்பதையும் சொல்வோம். அவனையும் அழைத்து அதையே சொல்வோம். குடிவெறியையும் கொடுமையையும் பொறுத்துக்கொள் என்பது இதன் பொருளன்று. உடலெடுத்து வந்த அன்பு எவரையும் அடிபணிய வைப்பதன்று. கற்பனை செய்த ஆளுக்குக் கொடுத்த அன்பை உள்ள ஆளுக்கு மாற்றித் தர வேண்டியிருக்கிறது. கடினமானது அந்த மாற்றம்தான்.

கடிதங்களின் காலம் கடந்துவிட்டது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் இரவெல்லாம் எழுதிக்கொள்கின்றனர். பெரியோர் பேசி முடிக்கும் திருமணங்களிலும் நிழற்படமும் ஒரு பக்க விவரக் குறிப்புமே முதலில் வருகின்றன. எல்லார் கையிலும் ஒரு சிவப்புக் குறிப்பேடு இருக்கிறது. திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வரும் இளையோரிடம் இக்கதையின் முதல் சந்திப்பைச் சொல்லி, "டேஷின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்கலாம் என்றிருக்கிறோம்.

தீர்ப்பு

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா முடிந்து மூன்றாம் நாள் அந்த மாணவி நூலைத் திரும்பப் பெற வந்தாள். நாம் குடிலருகே நின்றுகொண்டிருந்தோம். "ஃபாதர், தீர்ப்பு?" என்றாள்.

மரத்திலும் விளக்கிலும் பாட்டிலும் நீங்கள் தேடிய கிறிஸ்துமஸ் இந்த நூலில் அதிகம் இல்லை; அவை வெறும் அலங்காரம் என்றோம். ஆனால் ஓரிடத்தில் இருக்கிறது. எழுத்தில் கண்டவள் நேரில் அவளாக இல்லை என்று தெரிந்த பிறகும், குறிப்பேட்டை மூடி வைத்துவிடாமல் டேஷ் மறுபடியும் அவளிடம் வருகிறானே, அங்கே இருக்கிறது. அவன் எப்படி வந்தான் என்பதை நூலாசிரியர்கள் முழுவதும் எழுதவில்லை. அதை எழுதி முடிப்பது உங்கள் வயதுக்காரர்களின் வேலை என்றோம்.

சிறிது நேரம் யோசித்தாள். "அப்படின்னா, ரெண்டு கட்சியும் ஜெயிச்சாச்சு, ஃபாதர்" என்று சிரித்தாள். பிறகு குனிந்து, வைக்கோலில் கிடந்த பாலன் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.